கேட்டலும் ஏவலும்: வலையில் இணைந்த இசைக்கருவிகளின் கட்டளைமொழி

தோற்றுவாய்

கேள் என்னும் வினைச்சொல் தமிழில் செவியால் ஏற்றல், வினாவுதல், சொற்படி நடத்தல் என முத்திறப் பொருளில் வழங்கிவருகின்றது. ‘சொன்னதைக் கேட்டான்’ என்னும் தொடர், சொல் காதில் விழுந்தமையை மட்டும் குறிக்கின்றதா, அதன்படி அவன் நடந்தமையையும் குறிக்கின்றதா என்பது இடம் நோக்கியே துணியப்படும். மக்கள் உலகில் இவ்விரண்டு பொருளுக்கும் இடையே ஒரு வெளி உண்டு. கேட்டும் கேளாதிருத்தல் மக்களுக்கு இயலும். அவ்வெளி சிறிதும் இல்லாத ஓர் உலகில் ஏவலின் இலக்கணம் எவ்வாறு அமைகின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது நூலன்று, ஒரு பந்தல். 2024ஆம் ஆண்டு வைகாசித் திங்களில், நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சார்ந்த மடுகரையில் நிகழ்ந்த திருமண வரவேற்பு ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். மேடையின் ஒருபுறம் டி.ஜே. எனப்படும் இசைத்தொகுப்பாளர் அமர்ந்திருந்தார், அவ்வூர் இளைஞர். அவர் தந்தையார் கூம்பு ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் வைத்து ‘ரேடியோ செட்’ நடத்தியவர். மகனிடம் இருந்தவை இரண்டு பிளேயர்கள், ஒரு மிக்சர், அவற்றை இணைக்கும் சிறு ஹப், சில லேன் கேபிள்கள். மேடைக்குப் பின்னே எல்.இ.டி. திரை வைத்திருந்தவரும் தம் மடிக்கணினியை அதே ஹப்பில் இணைத்திருந்தார். மணமக்கள் மேடையேறும்பொழுது திரையில் படம் தோன்றுவதும் முதற் பிளேயரில் வரவேற்புப் பாடல் தொடங்குவதும் ஒரே நொடியில் நிகழவேண்டும் என்பது ஏற்பாடு. பாடலைத் திரைக்காரர் தம் கணினியிலிருந்து தொடங்கிவைப்பார். இளைஞர் இரண்டாம் பிளேயரில் ஓடிக்கொண்டிருக்கும் இசையை மெல்லத் தணித்து, முதற் பிளேயரின் ஒலியை மெல்ல ஏற்றுவார்.

நிகழ்ந்தது வேறு. மணமக்கள் படியில் கால் வைத்த நொடியில் இரண்டாம் பிளேயர் சட்டென நின்றுவிட்டது. நின்றதோடன்றித் தன் பாடலின் தொடக்கத்திற்கே திரும்பிச்சென்றது. முதற் பிளேயர் ஓடத் தொடங்கிற்று. ஆனால் அதன் ஒலி இன்னும் ஏற்றப்படாமையால் பந்தலில் ஒன்றும் கேட்கவில்லை. இளைஞர் நிலைமையை உணர்ந்து ஒலியை ஏற்றுவதற்குள் பல்லவி பாதி கடந்துவிட்டது. மணமகளின் தாய்மாமன் பேசிய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

மறுவாரம் அவ்விளைஞர் எம்மிடம் வந்தார். ‘நான் அந்த பிளேயரத் தொடவே இல்ல சார். என் தப்பு இல்லன்னு யாராவது எழுதிக் குடுக்கணும்’ என்றார். தொடாத கருவி எவ்வாறு நிற்கும் என வினவினோம். ‘மிக்சர் சொல்லுது, பிளேயர் கேக்குது. அதே மாதிரி கம்ப்யூட்டரும் சொல்லியிருக்கும். என்ன சொல்லுச்சுன்னுதான் தெரியல’ என்பது அவர் விடை. சொல்லுதல், கேட்டல் என்னும் இரு வினைகளை அவர் உருவகமாகக் கையாளவில்லை. உள்ளதை உள்ளவாறே உரைத்தார் என்பது பின்னர் எமக்குத் தெளிவாயிற்று. கணினி சொன்னது யாது என்று கண்டறிதல் ஓர் உரை ஆராய்ச்சியே ஆகும். ஆகவே அதனைத் தமிழ்த்துறையின் பணியாகவும் கொண்டோம்.

கருவிகளும் அவற்றின் மொழியும்

பயனியர் நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் சி.டி.ஜே.-2000 என்னும் பிளேயரை வெளியிட்டபொழுது, ஈதர்நெட் கம்பியால் பல பிளேயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ‘ப்ரோ டி.ஜே. லிங்க்’ என்னும் முறையையும் புகுத்தினர். அதன் பின்வந்த நெக்சஸ் வகை 2012ஆம் ஆண்டிலும், சி.டி.ஜே.-3000 வகை 2020ஆம் ஆண்டிலும் தோன்றின. டி.ஜே. பிரிவு 2015ஆம் ஆண்டில் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்தது; 2020 முதல் ஆல்பாதீட்டா என்னும் பெயரால் வழங்குகின்றது. மடுகரை இளைஞரிடம் இருந்தவை பழையனவாய் வாங்கிய நெக்சஸ் வகைப் பிளேயர்கள் இரண்டு.

இணைப்பின் பயன்கள் பல. ஒரு பிளேயரில் செருகிய பென் டிரைவில் உள்ள பாடலை மற்றொரு பிளேயர் எடுத்துப் பாடலாம். ஒன்றன் காலப்பிரமாணத்தை மற்றொன்று பின்பற்றலாம். மிக்சரின் ஃபேடரை மேலே தள்ளியவுடன் உரிய பிளேயர் தானே பாடத் தொடங்கவும், கீழே இழுத்தவுடன் நின்று தொடக்கப்புள்ளிக்குத் திரும்பவும் செய்யலாம். இவ்விறுதிச் செயல் முற்காலத்தில் தனியொரு மெல்லிய கட்டுப்பாட்டுக் கம்பியால் நடைபெற்றது. இப்பொழுது வலையின் வழியே செல்லும் சிறு சிறு செய்திகளால் நடைபெறுகின்றது. அச்செய்தி ஒவ்வொன்றையும் கணினித் தமிழில் பொதி என்பர். நாமும் அச்சொல்லையே ஆள்வோம்.

பொதிகளைச் செலுத்தும் முறை இருவகைப்படும். டி.சி.பி. என்னும் முறை ஓலை கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு விடை வாங்கிவரும் தூதனைப் போன்றது. யு.டி.பி. என்னும் முறை முரசறைந்து சொல்பவனைப் போன்றது. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைந்து விழாவை அறிவிப்பவன், ஒவ்வொரு வீட்டாரும் கேட்டனரா என்று வினவி நிற்பதில்லை, அறைந்து மேற்செல்கின்றான். இசைக்கருவிகளின் ஏவல்கள் எல்லாம் இம்முரசுமுறையிலேயே செல்கின்றன. பாடல்களின் பெயர்ப்பட்டியலைப் பெறுதல் போன்ற நிதானமான உரையாடல்களுக்கே தூதுமுறை பயன்படுகின்றது. விரைவு வேண்டிய இடத்தில் உறுதியை விட்டுக்கொடுத்தனர் என்க.

எழுத்தறிந்த முறை

இம்மொழியின் இலக்கணத்தை நிறுவனத்தார் வெளியிடவில்லை. வெளியார் சிலரே அதனைக் கேட்டுக் கேட்டு அறிந்தனர். அவர்களுள் தலையாயவர் டீப் சிம்மெட்ரி என்னும் பெயரால் இயங்கும் ஜேம்ஸ் எலியட். மேடை ஒளியமைப்பை இசையின் அடியோடு இணைக்க விரும்பி இதில் இறங்கிய அவர், தாம் கண்டவற்றை விரிந்த ஆவணமாக்கி யாவரும் படிக்க வெளியிட்டார். இக்கட்டுரையில் நாம் கூறும் பொதியமைப்புக்கு அவ்வாவணமே முதல் ஆதாரம். மடுகரையில் நாம் செய்த சோதனை அதனைச் சரிபார்த்ததே அன்றி வேறன்று.

அவர்கள் கையாண்ட முறை தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. வலையில் செல்லும் பொதிகளை வயர்ஷார்க் போன்ற கருவியால் எழுத்தெழுத்தாகப் படியெடுத்துவைத்தனர். பின்னர் பிளேயரில் ஒரே ஒரு பொத்தானை மட்டும் அழுத்தி, முன்னைப் பொதிக்கும் பின்னைப் பொதிக்கும் இடையே எந்த எழுத்து மாறியது என்று நோக்கினர். பல் என்பதையும் பால் என்பதையும் அருகருகே வைத்துக் குறில் நெடில் வேறுபாடு பொருளை வேறுபடுத்துகின்றது என்று ஒலியனியலார் நிறுவும் முறையே இது. 1924ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் பாண்டிநாட்டுக் குகைக் கல்வெட்டுகளைத் தமிழ் எனத் துணிந்தபொழுதும், தமிழுக்கே சிறந்த எழுத்துகள் எவ்விடங்களில் வருகின்றன என்னும் நோக்கே துணைசெய்தது. அக்கல்வெட்டுகளின் எழுத்து வகையே 1945ஆம் ஆண்டு அகழாய்வில் புதுவையை அடுத்த அரிக்கமேட்டுப் பானையோடுகளிலும் கிடைத்தது. கல்லாயினும் ஓடாயினும் கம்பியாயினும், அறியாத எழுத்தைப் படிப்பார் செய்யும் தொழில் ஒன்றே.

ஒரு வேறுபாடு உண்டு. கல்வெட்டு படிப்பவனை நோக்கி ஒன்றும் கேட்பதில்லை. இவ்வலையிலோ, சும்மா கேட்டுக்கொண்டிருப்பவனுக்குச் சில செய்திகளே கிட்டும். பிளேயர்கள் தம் நிலையை விரிவாகக் கூறும் பொதிகளை, வலையில் தம் இருப்பை அறிவித்த கருவிகளுக்கு மட்டுமே தனித்தனியே அனுப்புகின்றன. ஆதலின் கணினியும் ‘நானும் ஒரு கருவி’ என்று ஏறத்தாழ 1.5 நொடிக்கு ஒருமுறை அறிவித்தால்தான் அதற்குரிய பங்கு வந்துசேரும். ஊரில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளாதவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு வாராததை ஒத்தது இது.

பொதியின் முகப்பு

எல்லாப் பொதிகளும் ஒரே பத்து எழுத்துகளால் தொடங்குகின்றன: க்யூ, எஸ், பி, டி, 1, டபிள்யூ, எம், ஜே, ஓ, எல் என்பன அவை. கல்வெட்டின் தொடக்கத்தில் ஸ்வஸ்திஸ்ரீ என்னும் மங்கலம் நிற்பதுபோல, ‘இனி வருவது நம் மொழி’ என்பதை உணர்த்தி இவை நிற்கின்றன. இவை பொருளற்ற கோவை போலவே தோன்றும். எனினும் ஒவ்வோர் எழுத்தையும் அதற்கு முந்தைய எழுத்தாக மாற்றிப் படிப்பின் பி, ஆர், ஓ, எஸ், 0, வி, எல், ஐ, என், கே என வரும். முதல் மூன்றும் சேர்ந்து ‘ப்ரோ’ என்றும், இறுதி நான்கும் சேர்ந்து ‘லிங்க்’ என்றும் ஒலிக்கின்றன. நடுவிலுள்ள மூன்றும் சொல்லாக அமையவில்லை. கரந்துறை பாட்டு வகுத்த மரபினராகிய நமக்கு இவ்விளையாட்டு வியப்பைத் தராது; ஆயினும் இயந்திர மொழியில் இதனைக் கண்டபொழுது எம் வகுப்பு மாணவர் கைதட்டினர் என்பதை மறைப்பானேன்?

முகப்பை அடுத்து நிற்கும் பதினொன்றாம் எழுத்தே பொதியின் வகையைக் காட்டும் குறி. ஈண்டு ஓர் இலக்கண நுட்பம் உளது. பொதிகள் வந்துசேரும் வாயில்களைத் துறை என்பர். இம்மொழியில் முதன்மையானவை 50000, 50001, 50002 என்னும் மூன்று துறைகள். முதல் துறையில் கருவிகள் தம் பெயரையும் எண்ணையும் அறிவிக்கின்றன. இரண்டாம் துறையில் தாள அடிகளும் ஏவல்கள் பலவும் வருகின்றன. மூன்றாம் துறையில் நிலைச் செய்திகளும், இன்ன பாடலை ஏற்றுக என்னும் ஏவலும் வருகின்றன. 02 என்னும் குறி 50000ஆம் துறையில் வரின், புதிதாய் நுழையும் கருவி தனக்கு ஓர் எண்ணை உரிமைகோருகின்றது என்பது பொருள். அதே 02 என்னும் குறி 50001ஆம் துறையில் வரின், பாடத் தொடங்குக அல்லது நிறுத்துக என்னும் ஏவல் அது. 0ஏ என்னும் குறியும் இவ்வாறே முதல் துறையில் வருகையறிவிப்பாகவும் மூன்றாம் துறையில் பிளேயரின் நிலையறிவிப்பாகவும் நிற்கும். தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வேறுபடாதது எனப் பகுத்தார். மா என்பது மரமோ விலங்கோ என்பதை அதனோடு சேர்ந்த வினை காட்டும். இங்கோ வினைக்குறியே பலபொருள் உடையதாய் நிற்க, அதனைத் துறை வேறுபடுத்துகின்றது. அகத்திணைப் பாடலில் ஒரே கூற்று துறைக்கேற்பப் பொருள் மாறுதலை இதனோடு ஒப்பிட்டு மகிழலாம். ஒப்புமையை அதற்கு மேல் நீட்டல் வேண்டா.

நாற்பது எழுத்தில் ஓர் ஏவல்

பந்தலில் நிகழ்ந்த பிழையை விளக்குவது இந்த 02 என்னும் ஏவலே. ஃபேடர் ஸ்டார்ட் எனப்படும் இப்பொதி நாற்பது பைட் நீளமுடையது. பத்து பைட் முகப்பு; ஒன்று வகைக்குறி; இருபது, பேசும் கருவியின் பெயர்; பேசுவோன் எண்ணை உள்ளடக்கிய மூன்று; பின்வருவதன் நீளத்தைக் காட்டும் இரண்டு; எஞ்சிய நான்கே ஏவல். அந்நான்கு இடங்களும் முறையே 1, 2, 3, 4 என்னும் எண்ணுடைய பிளேயர்களுக்கு உரியன. வலையில் உள்ள அனைவர்க்கும் இப்பொதி அறையப்படுகின்றது. ஒவ்வொரு பிளேயரும் தன் இடத்தில் உள்ளதை மட்டும் படித்துக்கொள்கின்றது. 00 என்பது ‘பாடு’. 01 என்பது ‘நின்று தொடக்கப்புள்ளிக்குத் திரும்பு’. 02 என்பது ‘இருந்தவாறே இரு’.

மூன்றாவது குறியே ஆழ்ந்து நோக்கத்தக்கது. நம் மொழியில் ஒருவனை ஏவ விரும்பாதவிடத்து நாம் அவனை நோக்கி ஒன்றும் சொல்வதில்லை, சொல்லாமையே போதும். ‘கண்ணா, பாடு’ என்னும்பொழுது முருகனை நோக்கி ‘நீ இருந்தவாறே இரு’ என்று சொல்லவேண்டிய தேவை நமக்கு இல்லை. விளியே அப்பணியைச் செய்துவிடுகின்றது. தொல்காப்பியர் விளிமரபைத் தனியோர் இயலாக வகுத்ததன் பயன் இத்தகைய இடங்களில் புலப்படும். இவ்வியந்திர மொழியில் விளி இல்லை. அதற்கு ஈடாக இடம் உண்டு. நான்கு இடங்களும் எப்பொழுதும் நிரப்பப்பட்டே ஆகவேண்டும். ஆகவே வாய்வாளாமைக்கும் ஓர் எழுத்துத் தேவைப்படுகின்றது. உருபு இன்மையே எழுவாய்க்கு அடையாளமாவது தமிழ்; இன்மைக்கும் ஓர் உருபு வேண்டுவது இது.

சோதனைக்குத் துணைநின்றவர் எம் துறையில் முதுகலை பயிலும் மாணவி ஒருவர். இளங்கலையில் கணிப்பொறியியல் கற்றவர். பிளேயர்கள் வைக்கப்பட்டிருந்த வீட்டின் திண்ணையில் ஹப்பை வைத்து, மடிக்கணினியை இணைத்து, பைதான் மொழியில் அந்நாற்பது எழுத்துகளையும் அவர் கோத்தார். முதன்முறை அனுப்பியபொழுது முதற் பிளேயர் அசையவில்லை. எழுத்துகளை மூன்று முறை சரிபார்த்தோம், பிழையில்லை. பிளேயரைப் பார்த்த இளைஞர், ‘பாட்டு நடுவுல பாஸ்ல நிக்குது சார், க்யூவுல இல்ல’ என்றார். அதுவே காரணம். ‘பாடு’ என்னும் ஏவல், பிளேயர் தன் தொடக்கப்புள்ளியில் ஆயத்தமாய் நிற்கும்பொழுது மட்டுமே செல்லும். அங்குக் கொணர்ந்து நிறுத்தி மீண்டும் அனுப்பியவுடன், ஒருவரும் தொடாத பிளேயர் பாடத் தொடங்கிற்று. திண்ணையில் இருந்த பாட்டியார், ‘பேய் புடிச்ச பெட்டியா இருக்குதே’ என்றார்.

திரைக்காரரையும் அழைத்துவந்து, வரவேற்பின்பொழுது பயன்படுத்திய அதே நிரலை இயக்கச் செய்தோம். அவர் மறுக்கவில்லை, தாமும் காரணம் அறிய விரும்பினார். இரண்டாம் பிளேயரில் ஒரு பாடலை ஓடவிட்டு, வந்த பொதியைப் படியெடுத்தோம். இறுதி நான்கு எழுத்துகள் 00, 01, 01, 01 என இருந்தன. முதற் பிளேயரைப் பாடுக என்று ஏவவேண்டும்; ஏனையவற்றைப் ‘பாடவேண்டா’ எனக் கருதி அவர் 01 இட்டிருக்கின்றார். அவர் கருத்து, ஏவாமை. அவர் எழுதியது, விலக்கல். பாடாதிருக்கும் பிளேயருக்கு அவ்விரண்டும் ஒன்றே. வீட்டில் அவர் ஒத்திகை பார்த்தபொழுது ஒரே பிளேயரை வைத்துப் பார்த்தமையால் வேறுபாடு வெளிப்படவில்லை. பாடிக்கொண்டிருக்கும் பிளேயருக்கோ அது வெட்டு. 00, 02, 02, 02 என மாற்றியவுடன் இரண்டாம் பிளேயர் இடையூறின்றி ஓடிற்று.

‘செய்யென்று சொல்லாமை’ வேறு, ‘செய்யாதே என்று சொல்லுதல்’ வேறு என்பதை இலக்கண ஆசிரியர் எவரும் விளக்கவேண்டிய தேவை இருந்ததாகத் தெரியவில்லை. தமிழ் பேசும் குழந்தையும் அதனை அறியும். அவ்வேறுபாட்டை ஓர் எழுத்தில் தவறவிட்டதன் விலை ஓர் இளைஞரின் அரைக்கூலி. இதனை இரண்டு பக்கங்களில் எழுதிக் கையொப்பமிட்டு அவரிடம் கொடுத்தோம்.

ஏனைய ஏவல்களைச் சுருங்கக் கூறலாம். 2ஏ என்னும் குறியுடைய பொதி, ஒரு பிளேயரைக் காலப்பிரமாணத்தில் இணையுமாறும், விலகுமாறும், தானே தலைமை ஏற்குமாறும் ஏவும். 19 என்னும் குறி, இன்ன பிளேயரில் உள்ள இன்ன சேமிப்பிலிருந்து இன்ன எண்ணுடைய பாடலை ஏற்றுக எனக் கூறும். அதற்கு 1ஏ என்னும் விடை உண்டு. முரசுமுறைக்குள்ளும் விடை வேண்டுமிடத்தில் விடையை அமைத்துக்கொண்டனர்.

தாளமும் சீரும்

ஏவல் இன்றியும் ஒன்றையொன்று பின்பற்றும் முறை இவ்வலையில் உண்டு. ஆராயப்பட்ட பாடலைப் பாடும் ஒவ்வொரு பிளேயரும், ஒவ்வொரு தாள அடியிலும் 28 என்னும் குறியுடைய 96 பைட் பொதி ஒன்றை அனைவர்க்கும் அறைகின்றது. நிமிடத்திற்கு எத்தனை அடி என்பது நூறால் பெருக்கி எழுதப்படும். 128 அடியாயின் 12800. அடுத்த அடி எத்தனை மில்லிநொடியில் வரும் என்பதும் அதில் உண்டு.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், தண்ணுமையின் பின் முழவும், முழவோடு ஆமந்திரிகையும் நின்ற முறை கூறப்படுகின்றது. அது சங்கிலி, ஒவ்வொரு கருவியும் தனக்கு முன்னின்ற ஒன்றையே கேட்டது. இவ்வலை அவ்வாறன்று. எல்லாரும் அறைகின்றனர்; இணைந்து நிற்போர் அனைவரும் தலைமைக் கருவி ஒன்றையே நேரே கேட்கின்றனர். சங்கிலியில் நடுவே ஒருவன் தளரின் பின்னின்றார் அனைவரும் தளர்வர். இங்கு அக்குறை இல்லை. ஆனால் சங்கிலியில் யாழோன் குழலோனைச் சற்றே இழுத்துத் தன் வழிக்குக் கொணரவும் கூடும். இங்கு அதற்கும் இடமில்லை.

பொதியின் இறுதிப் பகுதியில், இவ்வடி அவர்த்தனத்தில் எத்தனையாவது என்பதைக் காட்டும் ஓர் எழுத்து உளது. அது 1 முதல் 4 வரையே செல்லும். யாப்பின் மொழியில் சொல்வதாயின், இக்கருவி அளவடி ஒன்றையே அறியும். நாற்சீரால் அமையும் அளவடிக்கு அப்பால் இருசீர்க் குறளடியும் முச்சீர்ச் சிந்தடியும் ஐஞ்சீர் நெடிலடியும் நமக்கு உண்டு. தாளத்திலும் அவ்வாறே. நான்கு அடிகளை வைத்து ஒவ்வோர் அடியையும் மூன்றாய்ப் பகுக்கும் திச்ரநடைப் பாடல் இங்குத் தடையின்றிச் செல்லும். ஆனால் மும்மூன்றாய் எண்ணப்படும் ரூபகதாளப் பாடலில் இக்கருவி ‘ஒன்று’ எனும் அடி, முதலில் பாடலின் முதலடியிலும், அடுத்து இரண்டாம் அடியிலும், அதற்கடுத்து மூன்றாம் அடியிலும் விழுந்து, பன்னிரண்டு அடி கழிந்த பின்னரே மீண்டும் பாடலின் முதலடியோடு பொருந்தும். ஐந்தெண்ணும் கண்டசாபு, ஏழெண்ணும் மிச்ரசாபு ஆகியவற்றின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. ‘கிராமத்துப் பாட்டு சிலது சிங்க் போட்டா மக்கர் பண்ணும் சார், அதுக்கெல்லாம் கையாலதான்’ என்று இளைஞர் கூறியதன் காரணம் இதுவே. அவர் காதும் கையும் சிந்தடியை அறியும்.

முத்திரை இல்லாத திருமுகம்

திண்ணைச் சோதனையில் எமக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையை மிகுவித்தது ஒன்று உண்டு. கணினி அனுப்பிய பொதியில் பேசும் கருவியின் பெயர் எழுதவேண்டிய இருபது இடங்களில் மாணவி விளையாட்டாக எம் துறையின் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டிருந்தார். பிளேயர் அதனையும் கேட்டது. ஏவியவன் யார் என்று அது வினவவில்லை. ஏவுதற்கு உரிமை உண்டா என்றும் வினவவில்லை. கேள் என்பதன் மூன்று பொருளுள் வினாவுதல் என்னும் நடுப்பொருள் அக்கருவிக்கு இல்லை.

பல்லவர் செப்பேடுகளைப் பயின்றோர் அரசாணை சென்ற வழியை அறிவர். அரசன் வாய்மொழியை எழுதுவோர் எழுத, ஆணத்தி எனப்படும் அதிகாரி அதனை நிறைவேற்றும் பொறுப்பேற்க, நாட்டார் திருமுகத்தைப் பெற்றுத் தலைமேல் வைத்து, நிலத்தின் எல்லையைச் சுற்றிவந்து குறியிட்டனர். மடுகரைக்கு அணித்தாகிய பாகூரில் கிடைத்த நிருபதுங்கவர்மன் செப்பேடு, அவ்வூர்க் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்களைக் கொடையளித்த ஆணையாகும். அத்தகைய ஆணை ஒன்று செல்லுபடியாவதற்கு எத்தனை கைகள், எத்தனை சான்றுகள் வேண்டியிருந்தன! மெய்யான ஓலைக்கும் பொய்யோலைக்கும் இடையே வேறுபாடு காண முத்திரை வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இசைக்கருவிகளை அமைத்தோர் முத்திரையை மறந்தனர் என்று பழித்தல் முறையன்று. ஒரு மேசையின்மேல் நான்கு பிளேயர்களும் ஒரு மிக்சரும் இருக்க, அவற்றை ஒருவரே இயக்குவார் என்னும் கருத்தில் அமைந்த வலை அது. முகவரி வழங்குவோர் இல்லாதவிடத்துக் கருவிகள் தமக்குத் தாமே 169.254 எனத் தொடங்கும் முகவரியை இட்டுக்கொள்வதும் அவ்வெளிமையின் பகுதியே. ஒரு வீட்டார் தமக்குள் பேசுவதற்கு முத்திரை எதற்கு? அவ்வீட்டுக்குள் திரைக்காரரும் ஒளிக்காரரும் படக்காரரும் நுழைந்தபொழுதே இடர் தோன்றிற்று. அவர்கள் பகைவர் அல்லர். எனினும், ஹப்பில் காலியாய் உள்ள ஒரு துளையை எட்டக்கூடிய எவரும் பந்தலின் இசையை ஒரு நொடியில் அடக்கவியலும். ஆகவே பிறர் வலையில் அவர் இசைவின்றி இத்தகைய பொதி எதனையும் செலுத்துதல், பிறர் ஓலையில் கையெழுத்திடுதலை ஒக்கும் என்று எம் மாணவர்க்குச் சொன்னோம்.

இளைஞர் இப்பொழுது திரைக்காரருக்கும் ஒளிக்காரருக்கும் தம் ஹப்பில் இடம் கொடுப்பதில்லை. பாடல் தொடங்கும் நொடியைக் கையசைத்துக் காட்டுகின்றார். காலியான துளைகளில் மெழுகுத்தாளை மடித்து அடைத்திருக்கின்றார். நிலுவைக் கூலி ஆவணித் திங்களில் வந்துசேர்ந்தது; முழுமையாக அன்று.

ஃபேடர் ஸ்டார்ட் என்பதற்குத் தமிழில் கலைச்சொல் ஒன்று ஆக்கித்தர விரும்பி, தள்ளேவல் முதலிய சிலவற்றை எழுதி அவரிடம் காட்டினோம். அவர் பணிவோடு படித்துவிட்டுத் தம் மிக்சரைத் திருப்பிக் காட்டினார். ஃபேடரின் அருகே வெள்ளை டேப்பில் நீல மையால், ‘தள்ளுனா பாடும் (க்யூவுல இருந்தா)’ என்று முன்னரே எழுதி ஒட்டியிருந்தார். ஏவலாக நாம் கருதிய பொதியை அவர் செயின் என்னும் வாய்பாட்டு எச்சம் இரண்டால், கட்டுப்பாட்டையும் உள்ளடக்கி உரைத்துவிட்டார். எம் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம்.